ஸ்லீவா, பைபாஸா? குளிசைப் பெட்டியைப் பார்த்து முடிவெடுத்த கதை

எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குப் போவது என்று ஆகிவிட்டால், கொழும்பில் பேச்சு பெரும்பாலும் இரண்டில்தான் வந்து நிற்கும்: ஸ்லீவ் இல்லாவிட்டால் பைபாஸ். நான் ஸ்லீவ் செய்துகொண்டவள், அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடுவார்கள், குடலில் கை வைப்பதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை முட்டையளவு பையாகப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கத்தைத் தவிர்த்துக் கீழே இணைப்பார்கள். எடை இரண்டிலும் இறங்கும், பைபாஸில் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாக.

என் முடிவைத் தீர்மானித்தது சிகிச்சைக்குப் பிறகு எடுக்க வேண்டிய சத்துக் குளிசை. இரும்பும் கல்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது பைபாஸ் தாண்டிப் போகிற அந்தத் தொடக்கக் குடலில்தான். நானோ மரக்கறிச் சாப்பாடு, ஏற்கெனவே இரத்தம் குறைவு. ஸ்லீவ் செய்தாலும் விற்றமின் ஆயுளுக்கும் உண்டு, பி12 உட்பட இரத்தப் பரிசோதனையும் வருடா வருடம் உண்டு, அதில் ஏமாற வேண்டாம். ஆனால் குடல் முழுதாக இருப்பதால் கீரையிலும் பருப்பிலும் இருந்து ஓரளவாவது ஏறும். பைபாஸ்காரருக்கு அப்படிச் சாப்பாட்டில் இருந்து ஏறுவது இன்னும் குறைவு. கல்சியம் எதைச் செய்தாலும் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வேண்டும், அதையும் ஒரே தடவையில் விழுங்க முடியாது, பிரித்து எடுக்க வேண்டும், இரும்புக் குளிசைக்கும் அதற்கும் குறைந்தது 2 மணித்தியாலம் விட வேண்டும், பிளேன் டீயையும் இரும்போடு சேர்க்கக்கூடாது. டீ இல்லாமல் காலை விடியாத வீட்டில் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள்! அதோடு 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் பாமசி பாமசியாக அலைந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்தானே. ஆயுள் முழுக்க தடையில்லாமல் கிடைக்க வேண்டிய குளிசை எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி என்று அப்போதே நினைத்தேன்.

இன்னொன்று முழங்கால் வலி. பைபாஸ் செய்தவர்கள் டைக்ளோபெனக், இபுப்ரோபன் வகை வலிக் குளிசைகளைத் தவிர்க்க வேண்டும், இணைத்த இடத்தில் புண் வரலாம். ஸ்லீவில் அந்தத் தடை அவ்வளவு கடுமையில்லை, அதற்காக அள்ளிப் போடலாம் என்றும் இல்லை.

பிள்ளை பெறும் எண்ணமுள்ளவர்கள் எதைச் செய்தாலும் 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள். அப்புறம், பைபாஸ் செய்த கர்ப்பிணி குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முன்பே கிளினிக்கில் அதைச் சொல்லிவிட வேண்டும், அந்த இனிப்புத் தண்ணீர் சட்டென்று குடலுக்குள் இறங்கிப் படபடப்பும் மயக்கமும் வரலாம். வேறு வழியில் சீனியை அளந்து பார்ப்பார்கள்.

பைபாஸ் பக்கமும் நியாயம் உண்டு. நெஞ்செரிவு ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும், இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வரலாம். எனக்கு இதுவரை இல்லை, ஆனால் பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சீனி வருத்தம் கடுமையாக இருந்தால் பைபாஸ் கூடுதலாகக் கைகொடுக்கிறது என்கிறார்கள் வைத்தியர்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லாததால் அதில் நான் வாய் திறக்கவில்லை. நெஞ்செரிவு தாங்க முடியாமல் போனால் ஸ்லீவைப் பிறகு பைபாஸாக மாற்றலாம், அது இரண்டாவது சத்திரசிகிச்சை, செலவும் இரண்டாவது தடவை.