பம்பலப்பிட்டியில் "த்ரீடி கார்ட்" வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பு, பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் உள்ள ஒரு கணினிக் கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. த்ரீடி கண்ணாடி போட்டு ஸ்டீரியோவில், அதாவது இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டி ஆழம் தெரியவைக்கும் முறையில், கணினியில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். எங்களைப் போன்றவர்கள் குறைவு என்பதால் கடைக்காரர் எதைச் சொன்னாலும் சரிபார்க்க ஆள் கிடைப்பதில்லை.

ஒரே நிலத்தை வானிலிருந்து இரண்டு இடங்களில் இருந்து எடுத்த படச் சோடிகளைப் பார்த்துச் சமவுயரக் கோடு வரைவதுதான் என் வேலை. நொடிக்கு 120 தடவை படம் மாற்றும் 120 ஹேர்ட்ஸ் மொனிட்டர் ஒன்றும், என்விடியாவின் பழைய குவாட்ரோ 4000 கிராபிக்ஸ் கார்டும் வைத்திருக்கிறேன். அந்தக் கார்டின் பின்பக்கம் மூன்று ஊசி போகும் சின்ன வட்டத் துளை இருக்கும். கண்ணாடிக்குச் சைகை அனுப்பும் பெட்டியை அதில்தான் பொருத்த வேண்டும். திரை இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் மாறி மாறிக் காட்டும்போது, அதே தாளத்தில் கண்ணாடி மற்றக் கண்ணை மூடும். இந்தத் தாளம் தவறினால் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஒரு நாள் விண்டோஸ் தன்பாட்டில் அப்டேட் ஆனது. அதற்குப் பிறகு படம் தட்டையாகிவிட்டது. சைகைப் பெட்டியின் பச்சை விளக்கு மங்கலாகவே நின்றது. வேலையை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருந்ததால் கணினியை, கேபிள்களோடு, அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைத் தம்பி அதைத் தங்கள் சாதாரண 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் பொருத்திப் பார்த்தார். "அக்கா, கார்ட் செத்துட்டுது, இனிச் சரிவராது" என்றார். அந்த மொனிட்டரில் கண்ணாடி ஸ்டீரியோ வர வழியே இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்விடியாவின் ஜிபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 கார்ட் ஒன்றை எடுத்து வைத்தார். "தம்பி, இதில என்ட கண்ணாடி வேலை செய்யுமா? அதுக்காகத்தான் வாங்கிறன்" என்று கேட்டேன். "கட்டாயம் செய்யும் அக்கா, முந்தினதை விட நல்லா வரும்" என்றார். விலை தொண்ணூறாயிரத்துக்கும் மேல். பழைய கார்டைக் குப்பைக்குப் போகிற சாமான் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் பார்த்தால் புதிய கார்டில் அந்த வட்டத் துளையே இல்லை. ஜிபோர்ஸ் கார்ட்களில் இந்த வகைக் கண்ணாடியை இயக்கும் த்ரீடி விஷன் ஆதரவை என்விடியா 2019 ஏப்ரலில், 418 வரிசை டிரைவர்களோடு நிறுத்திவிட்டது. 3050 வெளிவந்தது 2022இல். அதற்கு அந்தப் பழைய டிரைவர் பொருந்தாது. கண்ணாடி வேலை செய்யும் என்று ஒரு கடைக்காரர் இந்தக் கார்டை விற்றால், அவருக்கு விஷயம் தெரியாது அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டாலும் காசு போவது எங்களுக்குத்தான்.

திரும்பிப் போனபோது நடந்ததுதான் எனக்கு அதிகம் கோபமூட்டியது. சிவப்பும் நீலமும் ஒட்டிய காகிதக் கண்ணாடி ஒன்றைத் தந்து, யூடியூபில் ஒரு படத்தைப் போட்டு, "பாருங்க, த்ரீடி வருதுதானே" என்றார்கள். அந்த வகைப் படம் எந்தத் திரையிலும், எந்தக் கார்டிலும் வரும். அதை வைத்து என் கார்டையோ மொனிட்டரையோ சோதிக்க முடியாது. அங்கே நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் நான் வீண் சண்டை பிடிப்பதாக நினைத்திருப்பார்கள்.

அடுத்த முறை, நில அளவைத் துறையில் நீண்ட காலம் வேலை செய்த ஐயா ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மொனிட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். பழைய கார்டின் சீரியல் எண் என் பில்லில் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டதும், குப்பைக்குப் போனதாகச் சொன்ன கார்ட் உள்ளறையிலிருந்து வந்தது. ஐயா பழைய டிரைவரை ஏற்றி, அப்டேட்டில் அணைந்துபோயிருந்த ஸ்டீரியோ தெரிவைத் திரும்பப் போட்டார். ஆனால் மொனிட்டருக்கான தெரிவுப் பட்டியலில் 120 ஹேர்ட்ஸ் வரவில்லை. அவர் கார்டையும் மொனிட்டரையும் இணைக்கும் டிவிஐ கேபிளைக் கழற்றி முனையைப் பார்த்தார். என்னுடைய தடித்த கேபிளுக்குப் பதிலாக, நடுவில் ஆறு ஊசிகள் இல்லாத மெல்லிய கேபிளை மாட்டியிருந்தார்கள். அதில் முழு எச்டி 60 ஹேர்ட்ஸுக்கு மேல் போகாது. என் கேபிளைத் தேடி எடுத்து மாட்டியதும் 120 வந்தது, பச்சை விளக்கு பளிச்சென்றது, கண்ணாடிக்குள் மலைச்சரிவு எழுந்து நின்றது. செத்துப்போன கார்டாம்!

அப்போதும் முதலாளி விடவில்லை. கண்ணாடி போட்டால் கடை முழுவதும் துடிப்பதைக் காட்டி, மொனிட்டரின் பெனல் பழுது, வேறு எடுங்கள் என்றார். உண்மையில் அது அவருடைய டியூப்லைட். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் நொடிக்கு 60 தடவை திறப்பதால் இரண்டும் பொருந்தாமல் கண்ணைக் குத்தும். ஐயா மொனிட்டரை 100 ஹேர்ட்ஸுக்கு மாற்றினார், துடிப்பு நின்றது. இப்படித் துடிக்கிறது என்று மொனிட்டரை மாற்றியவர்கள் எத்தனை பேரோ.

புதிய கார்டைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் பில்லின் பிரதியோடு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் விபரம் சொல்வார்கள்.

கணினியைக் கடையில் விடுவதற்கு முன் கார்ட், மொனிட்டர், சைகைப் பெட்டி எல்லாவற்றின் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். கேபிளின் இரு முனைகளையும் படம் எடுங்கள். "இந்தக் கண்ணாடியோடு வேலை செய்யும்" என்ற வாக்கைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாமானை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இதே கடையில் "த்ரீடி கார்ட்" என்று வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். விசாரணைக்குப் போகும்போது உங்கள் பில்லின் பிரதியும் என் கையில் இருந்தால் நல்லது.