குவில்லிங்கா, மடிப்பு நட்சத்திரமா? குன்னூர் ஈரத்தில் நிற்பது எது

டிசம்பர் முதல் வாரத்து சர்ச் சேலில் ஒரு மேசை போடுவதென்றால், என்ன செய்யப் போகிறோம் என்று அக்டோபரிலேயே முடிவெடுத்தாக வேண்டும். நானும் அண்ணியும் ஏழு வருஷமாக இந்தக் காகித வேலையைச் செய்கிறோம். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம், விற்கக் கொஞ்சம். காகிதப் பட்டையைச் சுருட்டி ஒட்டுகிற குவில்லிங், நாலு பட்டையில் மடிக்கிற நட்சத்திரம், வாழ்த்து அட்டை, வாசலில் தொங்கவிடும் பெரிய ஸ்டார் என்று நாலையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டோம். எது நல்லது என்று கேட்பவர்களிடம் பலரும் அழகைச் சொல்வார்கள், விலையைச் சொல்வார்கள். ஈரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மலையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிற குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரயில் நின்றுபோவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். மழை ஓய்ந்தால் மிஸ்ட், அதாவது மூடுபனி. ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்துவிடும். காகிதத்தின் நார்கள் இந்த ஈரத்தை இழுத்துப் பருக்கும். நார் ஓடுகிற வாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்கே விரியும். ஒரு பக்கம் மட்டும் பசை தடவிய அட்டை வளைந்துபோவதற்கு இதுதான் காரணம்.

குவில்லிங்கில் தொடங்குகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், அதிகம் அழ வைத்ததும் அதுதான். 3 அல்லது 5 மில்லிமீட்டர் அகலமுள்ள தாள் பட்டையை ஊசியில் சுற்றி, கொஞ்சம் தளர விட்டு, விரலால் கிள்ளி இலை, துளி, பிறை என்று வடிவம் எடுப்பது. ஊசி கிடைக்காத நாளில் ஊதுவத்திக் குச்சியின் நுனியைப் பிளேடால் கீறி, அந்தப் பிளவில் தாளைச் செருகிச் சுற்றுவோம். பச்சைச் சுருள்களை அடுக்கி ஒரு கிறிஸ்துமஸ் மரம் ஒட்டி முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுருளின் நிழலும் அடுத்த சுருளின் மேல் விழுந்து கிடக்கும். அச்சடித்த அட்டையில் அது வரவே வராது.

மூன்றாம் வருஷம் நாற்பது குவில்லிங் அட்டை செய்தோம். சேலுக்கு இரண்டு நாள் முன்னால் விடாத மிஸ்ட். காலையில் பெட்டியைத் திறந்தால் அட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. சில சுருள்கள் பிடி விட்டுப் பெட்டியின் அடியில் கிடந்தன. அண்ணி ஒன்றும் பேசாமல் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்தார். அட்டை நிமிர்ந்தது, சுருள் நசுங்கியது. நாற்பதில் பதினேழுதான் மேசைக்குப் போனது.

அதற்குப் பிறகு வழி கண்டுபிடித்தோம். ஃபெவிகாலைக் கொட்டிப் பரப்பாமல், ஒரு தட்டில் மெல்லிசாகத் தேய்த்துச் சுருளின் அடி ஓரத்தை மட்டும் தொட்டு ஒட்ட வேண்டும். அட்டை 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்க வேண்டும். முன்பக்கம் ஒரு தாள் ஒட்டினால் அதே தாளை உள்பக்கமும் ஒட்டிவிட வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால் அட்டை நேராக நிற்கும். முடித்ததைப் பழைய பிஸ்கட் டின்னில், துணியில் முடிந்த வறுத்த அரிசியோடு வைத்து மூடுகிறோம். இவ்வளவும் செய்தால் குவில்லிங் தாங்குகிறது. ஆனால் ஒரு அட்டைக்கு என் கையில் ஒரு மணி நேரம் ஆகிறது. 120 ரூபாய்க்கு மேல் சொன்னால் பக்கத்து மேசையில் இருக்கும் சிவகாசி அட்டையைக் காட்டுகிறார்கள். தபாலிலும் இது தொல்லை. சுருள் எழும்பி நிற்பதால் சாதாரணக் கவரில் போட்டால் முத்திரை குத்தும்போது நசுங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது நாலு பட்டை நட்சத்திரம். மழலையர் பள்ளிக்கு வித்திட்ட ஜெர்மானியர் ஃபிரெடரிக் ஃப்ரூபெல் (1782–1852) பெயரால் இதை ஃப்ரூபெல் நட்சத்திரம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் மடிப்பு நட்சத்திரம். இதில் பசையே கிடையாது. பசை இல்லாவிட்டால் ஈரத்தோடு பாதிச் சண்டை முடிந்தது.

நாலு பட்டைகளையும் நடுவில் மடித்து, ஒன்றின் வாய்க்குள் ஒன்றாக நுழைத்து இழுத்தால் நடுவில் பாய் முடைந்த மாதிரி ஒரு சதுரம் இறுகும். மேல் பட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, நாலாவதை முதலாவதற்கு அடியில் செருக வேண்டும். பிறகு ஒவ்வொரு வாலையும் முக்கோணமாக மடித்துப் பக்கத்துப் பைக்குள் விட்டால், சுற்றிலும் எட்டு தட்டை முனைகள். கடைசியில் வரும் வேலைதான் கைப்பழக்கம் கேட்பது: மீதி வாலை ஒரு சுற்றுச் சுற்றிச் சதுரத்துக்கு அடியில் நுழைத்தால் அது கூம்பாக எழும்பி, நுனி எதிர்முனை வழியாக வெளியே வரும். முன்னால் நாலு, பின்னால் நாலு. மொத்தம் பதினாறு முனை. பட்டையின் நுனியைச் சரிவாக வெட்டிக்கொண்டால் தடுக்காமல் நுழையும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கத்தரித்துவிட்டால் வேலை முடிந்தது.

தாள் கணக்கும் இதற்குச் சாதகம். பட்டையின் நீளம் அகலத்தைப் போல் 25 முதல் 30 மடங்கு இருந்தால் போதும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். நீளவாக்கில் 1 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் 21 பட்டை. ஐந்து நட்சத்திரம் போக ஒரு பட்டை மிச்சம், அதைக் கட்டும் கயிறாக்கிவிடலாம். ஒவ்வொன்றும் சுமார் 4 சென்டிமீட்டர் வரும், மரத்தில் தொங்கவிட அளவான உருப்படி. பழகிய கைக்குப் பத்து நிமிஷம். 30 ரூபாய்க்கு விற்கிறோம், மணிக்கு ஆறு. குவில்லிங்கில் ஒரு மணிக்கு 120 என்றால் இதில் 180. மேசைக்கு முன்னால் நிற்பவர் யோசிக்காமல் எடுக்கிற விலையும் இதுதான். டூரிஸ்ட்டுகள் ஐந்து, பத்து என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள், நசுங்குமே என்ற பயம் இல்லை.

இதற்கும் குறை உண்டு. ஒரே மாதிரி இருபது நட்சத்திரத்தை அடுக்கி வைத்தால் மேசை வெறிச்சென்று தெரியும். முதல் பத்தும் கோணலாகத்தான் வரும். தாளின் இரண்டு பக்கமும் நிறம் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மின்னும் கிஃப்ட் தாளில் வெள்ளை முதுகு வெளியே தெரிந்துவிடும். 80 முதல் 100 ஜிஎஸ்எம் வரை சுகமாக மடியும், அதற்கு மேல் போனால் மடிப்பில் வெடிப்பு விழும்.

போன வருஷம் ஒரு சின்னப் பெண், ஓய்வுநாள் பள்ளியில் படிக்கிறவள், மேசை முன்னால் வெகு நேரம் நின்றாள். “அக்கா, இது நீங்களே செஞ்சதுங்களா? எங்க ஒட்டியிருக்கீங்க?” என்று கேட்டாள். ஒட்டவே இல்லை என்றதும் நம்பாமல் ஒன்றை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பிரித்துப் போட்டாள். நாலு பட்டையும் சுருண்டு மடியில் கிடந்தன. அந்த மடிப்புக் கோடுகளையே பார்த்து அரை மணி நேரத்தில் பாதி வரை திரும்ப முடைந்துவிட்டாள். மீதியை அண்ணி சொல்லிக் கொடுத்தார். விற்பனைக்கு இதுதான் என்று நான் முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.

ஆனால் கொடுப்பதற்கு என்று வந்தால் என் ஓட்டு வாழ்த்து அட்டைக்கு. அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843ல் லண்டனில் வந்தது. வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியாமல் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி அச்சிட்டார். மீந்ததை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த பொருள் அது. இப்போது நேரத்தை மிச்சம் பிடிக்க வாட்ஸ்அப் இருக்கிறது. அதனால் கையால் செய்த அட்டைக்கு மதிப்பே, செய்தவர் அதற்காக உட்கார்ந்த நேரம்தான். உள்ளே நாலு வரி எழுதவும் இடம் இருக்கிறது.

மலையில் அட்டைக்கு வேண்டிய அலங்காரம் காலடியில் கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஓரங்களில், ஓடைக் கரையில் வளரும் வெள்ளிப் பெரணியை இங்கே வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். புறங்கையில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தால் இலையின் உருவம் பச்சை குத்தின மாதிரி வெள்ளையாகப் பதியும். அதையே கருநீல அட்டையில் வைத்து, மேலே ஒரு தாள் போட்டு உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால், பனி படிந்த ஃபர் மரம் ஒன்று நிற்கும். பேனாவோ பெயின்ட்டோ வேண்டாம், அரை நிமிஷ வேலை. விரல் பட்டால் கலைந்துவிடும் என்பதால் இதை நான் விற்பதே இல்லை, நேரில் கொண்டுபோய்க் கையில் கொடுக்கும் வீடுகளுக்கு மட்டும். விற்கிற அட்டைக்கு அழுத்திக் காயவைத்த சின்னப் பூக்களும் சாதாரணப் பெரணியும். அதுவும் இங்கே புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நியூஸ் பேப்பரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோரம் வைக்க வேண்டும்.

அட்டையை மடிப்பதற்கு முன்னால் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தாளை உடையாமல் இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்தால், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பு வர வேண்டும். மடிக்கும் கோட்டை முதலில் மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் மடிப்பு கத்தி மாதிரி விழும். தபாலில் அனுப்புவதென்றால் 20 கிராம் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை ஒன்றின் எடையே 18.7 கிராம், கவரோடு சேர்த்தால் அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். பாதியாக வெட்டி அந்த ஏ5 துண்டை மடித்தால் ஒன்பதரை கிராம்கூட வராது.

எந்தத் தாள் என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. பருத்தித் துணிக் கழிவில் கையால் செய்யும் காகிதம் ஓரம் பிசிறோடு, தொட்டால் துணி மாதிரி இருக்கும், அட்டைக்கு அதை அடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் மிஸ்ட்டில் துவண்டுவிடும், சில தாளில் மை பரவும், வாங்குகிற அன்றே ஓரத்தில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். மடிப்பு நட்சத்திரத்துக்கு அது தடிமன், ஆகாது. அதற்கு மில் தாள்தான். கரூர் பக்கம் டிஎன்பிஎல் ஆலையில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துச் செய்கிற வெள்ளைத் தாளிலேயே மடித்துப் பார்த்தோம். பச்சை மரத்தில் வெள்ளை நட்சத்திரம், வேறு நிறமே வேண்டாம் என்று தோன்றியது. கலர் தாளுக்குக் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் இறங்க வேண்டும், மழைக்கு முன்னால் போய்வருவது நல்லது.

பெரிய ஸ்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் வைத்து விற்கிற சரக்கு அது இல்லை, சொல்லி வைத்தால் செய்து கொடுக்கலாம். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவிய கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளியில் 1830களில் கணக்குப் பாடத்துக்காகப் பிறந்த பலமுனை நட்சத்திரத்தை ஒருமுறை முயன்றோம். 17 நாலு பக்கக் கூம்பு, 8 மூன்று பக்கக் கூம்பு, ஆக 25. ஒவ்வொரு மடிப்பு ஓரமும் பசை. மூன்று வாரம் ஆனது, வாசலில் ஒரு வாரம் தொங்கியதும் கூம்புகள் தலை கவிழ்ந்தன. நம் ஊர் மூங்கில் சிம்பு ஸ்டாரே இங்கே தேவலாம். ஐந்துமுனைச் சட்டம் இரண்டு, நடுவில் ஐந்து முட்டுக் குச்சி, மேலே வண்ணத்தாள். ஈரத்தில் தாள் தொய்ந்தாலும் மூங்கில் பிடித்துக்கொள்ளும், ஜனவரியில் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை அடுத்த வருஷத்துக்குப் பரணில் போடலாம். உள்ளே எல்இடி மட்டும். குண்டு பல்பின் சூடு காகிதத்துக்கு ஆகாது.

பேக்கிங்கிலும் மலைக்கு ஒரு தனி நிபந்தனை. தமிழ்நாடு முழுவதற்கும் 2019 ஜனவரி 1ல் பிளாஸ்டிக் தடை வந்தது, நீலகிரியில் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே கட்டுப்பாடு உண்டு. அதனால் அட்டையைக் கண்ணாடிக் கவரில் போட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு பட்டர் பேப்பரில் உறை மடிக்கிறோம். உள்ளே இருக்கிற படம் மங்கலாகத் தெரியும். குவில்லிங் அட்டைக்கு அது போதாது, சின்ன அட்டைப்பெட்டி வேண்டும், அதற்கு ஒரு செலவு. நட்சத்திரங்களுக்கு எதுவுமே வேண்டாம். மேசைக்கு மேலே ஒரு சணல் கயிறு கட்டி வரிசையாக மாட்டிவிடுகிறோம், கேட்பவர்களுக்குக் கழற்றிக் கையில் கொடுக்கிறோம்.

இந்த வருஷத்துக்கு இருநூறு நட்சத்திரம், முப்பது பூ அட்டை, சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் ஆறு குவில்லிங். முதல் நாற்பது தாளை அண்ணி பட்டையாக வெட்டி டின்னில் போட்டுவிட்டார். அரிசியை நான் இன்று ராத்திரி வறுக்க வேண்டும்.