கூரை தொலைந்த கோப்பு: ஜிபிஎக்ஸ்எம்எல், ஓபன்ஸ்டூடியோ பற்றிய என் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு திருமணக் கூடமும் அதை ஒட்டி ஆறு தமிழ் வகுப்பறைகளும் கொண்ட கட்டடத்தின் ஆற்றல் கணக்கீடு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டுக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலையான எஸ்ஏஎன்எஸ் 10400-எக்ஸ்ஏ 2011-இல் வெளிவந்து 2021-இல் திருத்தப்பட்டது. அதன் அட்டவணைகளுக்குள் அடங்காத கட்டடத்துக்கு, தகுதி பெற்ற பொறியாளர் கணக்கிட்டு மெய்ப்பிக்கும் வழியும் அதில் உண்டு. கூடத்தின் கண்ணாடிப் பரப்பு மிகுதியாக இருந்ததால் நாங்கள் அந்த வழியில்தான் போக வேண்டியிருந்தது. வடிவமைப்பு மாதிரி ஏற்கெனவே இருக்கும்போது கட்டடத்தை மறுபடி வரைய மனம் வராமல், அதை ஜிபிஎக்ஸ்எம்எல் என்னும் கோப்பு வடிவத்தில் எழுதி, கட்டட ஆற்றலைக் கணக்கிட உதவும் ஓபன்ஸ்டூடியோ மென்பொருளில் ஏற்றினேன். இந்த மதிப்பீடு அந்த வழியைப் பற்றியது.

ஜிபிஎக்ஸ்எம்எல் 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. சுவர், கதவு, கைப்பிடி என்று கட்டடம் முழுவதையும் சுமக்க முயலும் ஐஎஃப்சி என்ற மற்றொரு கோப்பு வடிவம் போலன்றி, வெப்பக் கணக்குக்கு வேண்டியதை மட்டும் இது எடுத்துக்கொள்கிறது: அறைகள், அவற்றை மூடும் தட்டையான பரப்புகள், ஒவ்வொரு பரப்புக்கும் அப்பால் இருக்கும் அறை. உள்சுவர் என்றால் இரண்டு அறைகளின் அடையாளம், வெளிச்சுவர் என்றால் ஒன்று மட்டும். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் சாதாரண எடிட்டரிலேயே திறந்து படிக்கலாம். இதன் பெரிய நன்மை இதுதான் என்பேன். ஏனென்றால் படித்தே தீர வேண்டிய நாள் வரும்.

எனக்கு அது முதல் வாரத்திலேயே வந்தது. குளிரூட்டும் சுமை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. டர்பனின் ஜனவரி வெக்கையில், ஐபிஆர் தகரக் கூரையின் கீழ் முந்நூறு பேர் உட்காரும் கூடத்துக்கு அப்படியொரு விடை வர வழியே இல்லை. ஓபன்ஸ்டூடியோவுக்குப் பின்னால் கணக்கிடும் நிரலான எனர்ஜிபிளஸ் எழுதிய பிழைக்கோப்பில், கூடம் முழுமையாக மூடப்படவில்லை என்ற எச்சரிக்கை ஒரே ஒரு வரியில் கிடந்தது. எங்கள் வரைவாளரான இளைஞரைக் கேட்டேன். "கூரை கண்ணெதிரே இருக்கிறதே, அங்கிள்" என்று முப்பரிமாணப் படத்தைக் காட்டினார். படத்தில் இருந்தது உண்மைதான். கோப்பில் அதே கூரை 'ஷேடு', அதாவது நிழல் மட்டும் தரும் பலகை, என்று பதிவாகியிருந்தது. கூடத்தின் மேல் எல்லையை நாங்கள் 3 மீட்டரில் நிறுத்தியிருந்தோம். சாய்கூரை அதற்கு மேலே இருந்தது. அறை கூரையைத் தொடாததால், அது அந்த அறையுடையது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. தவறு எங்களுடையது. எல்லையைக் கூரைக்கு மேல் வரை உயர்த்தியதும், தொலைந்த கூரை திரும்பி வந்தது.

திசை விஷயத்திலும் இப்படித்தான் ஏமாந்தேன். தெற்கு வெயிலுக்கு நிழல் தேடுவது தமிழ்நாட்டில் பழகிய கணக்கு. தெற்கு அகலக்கோடு 29.9 பாகையில் இருக்கும் டர்பனில் நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் வடக்கிலிருந்தே விழும்; ஜூன் மாத நண்பகலில் அது ஏறத்தாழ 37 பாகை உயரம்தான் ஏறும். தாளில் நேராகத் தெரிவதற்காக மாதிரியைத் திருப்பி வரைந்துவிட்டு, உண்மை வடக்கை அமைக்க மறந்திருந்தோம். வடக்கு வெயிலை மறைக்க வேண்டிய திண்ணை (இங்கே ஸ்டூப் என்பார்கள்), கோப்பில் தெற்கே போய் நின்றது. இதற்கு எந்த எச்சரிக்கையும் வராது.

பரப்பளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்பில் சுவருக்குத் தடிமன் இல்லை. உட்பக்கம் 6-க்கு 4 மீட்டர், அதாவது 24 சதுர மீட்டர் உள்ள வகுப்பறையின் எல்லையை 220 மில்லிமீட்டர் சுவரின் நடுக்கோட்டில் வைத்தால் அது 26.25 ஆகிவிடும். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விளக்குச் சுமையைக் கொடுப்பவருக்கு 9 விழுக்காட்டுக்கு மேல் மிகை. பெரிய கூடத்தில் இது பொருட்டே இல்லை.

ஓபன்ஸ்டூடியோவைப் பொறுத்தவரை எனக்குக் குறை மிகக் குறைவு. இலவசம், மூலநிரல் திறந்தது, பின்னால் இருந்து கணக்கிடுவது எனர்ஜிபிளஸ். வானிலைக் கோப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கூரைக்கடியில் போடும் காப்புப் பாய், வகுப்பு நேரம், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றில் உருப்படியாக எதுவும் எங்கள் கோப்பில் வரவில்லை; அவற்றையெல்லாம் இங்கேதான் உள்ளிட வேண்டியிருந்தது.

உண்மையான தலைவலி, பாதை ஒருவழி என்பது. ஓபன்ஸ்டூடியோவில் நான் திருத்தியது எதுவும் வடிவமைப்பு மாதிரிக்குத் திரும்பிப் போகவில்லை. கட்டடக் கலைஞர் ஒரு சுவரை நகர்த்தினால் கோப்பு புதிதாக வரும். அதில் என் உழைப்பு இருக்காது. இரண்டு முறை அனுபவித்த பிறகு, வடிவப் பிழைகளை வடிவமைப்பு மாதிரியிலேயே திருத்துவது என்றும், மற்றவற்றை ரூபி நிரல்மொழியில் எழுதிய ஒரு 'மெஷர்' (ஓபன்ஸ்டூடியோ மாதிரியைத் தானாக மாற்றும் சிறு நிரல்) வழியாக ஏற்றுவது என்றும் முடிவு செய்தேன். அறையின் பெயரைப் பார்த்து, அதற்குரிய பயன்பாட்டு வகையையும் சுவர் அமைப்பையும் அந்த நிரல் பொருத்திவிடும். அரை நாள் வேலை அரை மணி நேரமானது. பத்து அறைக்குக் குறைந்த வீட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். கையால் வரைவதே விரைவு. கூடம், பள்ளி, அலுவலகம் என்றால் இந்த வழியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது திருத்தத்தில் மட்டும் ஓர் அறை தப்பியது. 'வகுப்பு 4' என்றிருந்ததை யாரோ 'நூலகம்' என்று மாற்றியிருந்தார்கள். என் நிரலுக்கு அந்தப் பெயர் தெரியாததால், விளக்கும் ஆளும் இல்லாத அறையாக அது ஆண்டு முழுவதும் கணக்கில் இருட்டாகவே கிடந்தது. இப்போது, அடையாளம் தெரியாத பெயர் வந்தால் நிரல் அங்கேயே நின்று விடும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.