உளவியல் அறிமுகம்: எட்டு வார இணையவழி வகுப்பு ஒன்றைப் பற்றி

உளவியல் படித்துவிட்டால் எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவதைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசையோடு வருபவர்களை, முதல் பாடத்திலேயே நயமாகச் சொல்லி வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது இந்த அறிமுக வகுப்பு. மனத்தையும் நடத்தையையும் சோதனை செய்து, அளந்து, தவறென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளும் துறை இது என்பதை ஆசிரியர் அரை மணி நேரத்தில் புரியவைத்துவிடுகிறார். வரலாற்றுப் பகுதி வழக்கமானதுதான். 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வகம், 1913இல் ஜான் வாட்சன் முன்வைத்த, வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்னும் நடத்தையியல் என்று வேகமாக நகர்கிறது. ஆழ்மனத்தைப் பற்றிப் பேசிய ஃப்ராய்டுக்கு ஒரே ஒரு பாடம். அதுவே போதும் என்றுதான் எனக்குப் பட்டது.

வகுப்பின் உயிர் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனையை விளக்கிச் சொல்வதற்கு முன்பே நம்மைச் செய்யவைத்துவிடுகிறார்கள். முதலில் வெறும் வண்ணக் கட்டங்கள் வருகின்றன. நிறங்களை மடமடவென்று சொல்லிவிடலாம். அடுத்து, நீல நிற எழுத்தில் ‘சிவப்பு’ என்ற சொல் தோன்றுகிறது. படிக்காமல் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தும் என் நாக்கு ‘சி’ வரை போய்த் திரும்பியது. இருபது கட்டங்களுக்குப் பன்னிரண்டு விநாடி எடுத்துக்கொண்ட நான், இருபது சொற்களுக்கு இருபத்து மூன்று விநாடி எடுத்துக்கொண்டேன். வாசிப்பு எந்த அளவுக்குத் தன்னிச்சையான செயலாக நமக்குள் ஊறிப்போயிருக்கிறது, கவனம் அதனோடு எப்படி மல்லுக்கட்டுகிறது என்ற விளக்கம் இதற்குப் பிறகு வருவதால், அது மனப்பாடம் செய்ய வேண்டிய செய்தியாக இல்லாமல் நமக்கே நேர்ந்த அனுபவமாக நிற்கிறது.

நினைவாற்றல் பாடத்தில் இந்த அக்கறை தளர்ந்துவிட்டது. ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதனைப் பொருளாக்கி 1885இல் வெளியிட்ட முடிவுகளைக் காட்டி, ‘ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கை மறந்துவிடுகிறோம்’ என்கிறார்கள். அவர் அளந்தது அதுவன்று. ஒரு பட்டியலை மீண்டும் கற்கும்போது முதல் முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதையே கணக்கிட்டார். ஒரு நாள் கழித்து அந்த மிச்சம் சுமார் 34 விழுக்காடு. ஒரு சொல்லைக்கூட நினைவுகூர முடியாத நிலையிலும் மறுமுறை கற்பது எளிதாக இருக்கலாம் என்பதுதான் அந்த முறையின் அழகே. அதைத் தவறவிட்டுவிட்டு, நாளாக ஆக மறதி கூடுவதைக் காட்டும் வளைகோட்டை மட்டும் காட்டுவது, சாற்றைப் பிழிந்து கொட்டிவிட்டுச் சக்கையைக் கொடுப்பது போன்றது.

இதைவிடப் பெரிய குறை சமூக உளவியல் பகுதியில் உள்ளது. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை, இரண்டு வாரங்களுக்குத் திட்டமிட்டு ஆறே நாள்களில் நிறுத்தப்பட்ட கதையாக விறுவிறுப்பாகச் சொல்கிறார்கள். காவலர்களாக நடித்தவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளும்படி ஆய்வுக் குழுவே வலியுறுத்தியதற்கான ஒலிப்பதிவு பிற்காலத்தில் வெளிவந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 2015இல், உளவியல் இதழ்களில் வெளியான நூறு ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது 36 விழுக்காட்டில் மட்டுமே புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத, முடிவு கிடைத்தது. அந்த முயற்சியும் இங்கே இடம்பெறவில்லை. தன்னையே சந்தேகித்துப் பார்க்கும் துணிவு ஒரு துறைக்குப் பெருமைதான்; புதிதாக வருபவர்களிடமிருந்து அதை மறைத்து வைக்க வேண்டிய அவசியம் என்னவென்று விளங்கவில்லை.

காணொளிகளின் ஒலி தெளிவாக இருக்கிறது. வசன வரிகள் பல இடங்களில் பேச்சுக்குப் பின்தங்கி வருகின்றன. இருந்தாலும், எந்த முன்னறிவும் இல்லாதவர்களுக்கு முதல் ஐந்து வாரங்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிந்தைய மூன்று வாரங்களை ஒரு நல்ல பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

இறுதித் தேர்வில் முப்பது வினாக்கள். வுண்டின் ஆய்வகம் தொடங்கிய ஆண்டைக் கேட்டிருந்தார்கள். சரியாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஒரு சோதனையில், சோதிக்கப்படும் மாற்றம் எதுவும் செய்யப்படாத கட்டுப்பாட்டுக் குழு எதற்காக வைக்கப்படுகிறது என்று ஒரு வினாவும் கேட்கவில்லை.