உபுண்டுவில் மியூஸ்ஸ்கோர்: ஆப்ட்டா, ஆப்இமேஜா?

ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறிப்பு) எழுத மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் வேண்டும், கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. எப்படி நிறுவுவது என்று பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு வழிகள் உண்டு: உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவும் ஆப்ட், நிறுவாமலே நேரடியாக இயக்கக்கூடிய ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜ். இரண்டையும் பார்த்துவிடலாம்.

நிறுவும் எளிமை
ஆப்ட்: ஒரே கட்டளை. மெனுவில் தானாக வந்துவிடும்.
ஆப்இமேஜ்: கோப்பை இறக்கி, வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'நிரலாக இயங்கலாம்' என்று டிக் போட வேண்டும். பலர் இந்த டிக்கைத்தான் தவறவிடுகிறார்கள். அதன் பிறகும் திறக்கவில்லையா? ஆப்இமேஜ் இயங்கத் தேவையான லிப்ஃபியூஸ்2 என்ற துணை மென்பொருள் இல்லாமல் இருக்கலாம், 22.04இல் அது தானாக வராது, தனியே நிறுவ வேண்டும். டெர்மினலில் (கட்டளை தட்டச்சு செய்யும் சாளரம்) கோப்பின் பெயருக்குப் பின் 'இன்ஸ்டால்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து இயக்கினால் மெனுவிலும் சேர்ந்துவிடும்.

பதிப்பு
ஆப்ட்: 3.2.3தான். 2022 டிசம்பரில் வந்த 4ஆம் பதிப்பு இதில் கிடைக்காது.
ஆப்இமேஜ்: எப்போதும் புதியது. மியூஸ் சவுண்ட்ஸ் என்ற இலவச வாத்திய ஒலித் தொகுப்புக்கும் 4ஆம் பதிப்பு வேண்டும்.

எனக்கு இதுதான் முக்கியம். நண்பர் 4இல் சேமித்து அனுப்பிய ஸ்கோர் (இசைக்குறிப்புக் கோப்பு) 3இல் திறக்காது. குழுவாக வாசிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

புதுப்பித்தல்
ஆப்ட்: கணினியோடு சேர்ந்து நடக்கும்.
ஆப்இமேஜ்: நாமே இறக்க வேண்டும். ஆனால் பழைய கோப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி ஆய்வகத்தில் இருபது கணினிகளில், அடிப்படைப் பாடத்துக்கு மட்டும் என்றால் ஆப்ட் போதும். சொந்தமாக இசையமைப்பவர்களும் பிறரோடு ஸ்கோர் பகிர்பவர்களும் ஆப்இமேஜையே எடுங்கள்.