லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40: மான் வேட்டைத் துப்பாக்கியில் மூன்று பருவங்கள்

பென்சில்வேனியாவின் வடமேற்கில், அலெகெனி காட்டை ஒட்டிய மேடுகளில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். .308 வின்செஸ்டர் தோட்டா போடும் என் போல்ட் ரைஃபிளின் மேல் இந்த ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, பொருத்தி மூன்று பருவங்கள் முடிந்துவிட்டன. ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது கண்ணாடி எவ்வளவு தெளிவு என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது, குறியை நகர்த்தும் திருகை ஒரு கிளிக் திருப்பினால் குறி சொன்ன அளவு நகர்கிறதா, நகர்ந்த இடத்திலேயே மாதக்கணக்கில் நிற்கிறதா என்பதை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இதற்கு முன் நான் வைத்திருந்த ஸ்கோப் வேறொன்று. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அக்டோபரில் 100 கெஜத்தில் சரியாகக் குறி வைத்து, அதாவது குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்தி முடித்து, டிசம்பர் முதல் வாரத்தில் காட்டுக்குப் போனேன். 110 கெஜம் இருக்கும், ஒரு பெட்டைமான் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் நடுவில் குறுக்குக் கோட்டை நிறுத்தி விசையை அழுத்தினேன். மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. அது நின்ற இடத்தில் பனியின் மேல் இரத்தத்தோடு அரைத்த இலைத்துணுக்குகளும் கிடந்ததைப் பார்த்தபோதே குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் அது கிடைத்தது. இரவு முழுவதும் அது பட்ட வேதனைக்கு நான்தான் பொறுப்பு. அடுத்த நாள் சுடுதளத்தில் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டுப் பார்த்தபோது, தோட்டாக்கள் குறிக்கு ஐந்து அங்குலம் தள்ளி விழுந்தன. திருகுகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. ஸ்கோப்பின் உள்ளே ஏதோ நழுவியிருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே விஎக்ஸ்-ஃப்ரீடமை வாங்கினேன். விலை 300 டாலருக்குச் சற்றுக் குறைவு.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு அங்குலக் குழாய், 40 மில்லிமீட்டர் முகப்பு வில்லை, மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெருக்கம், ஏறக்குறைய 346 கிராம் எடை. நாள் முழுவதும் மேட்டிலும் பள்ளத்திலும் துப்பாக்கியைத் தோளில் சுமக்கிறவனுக்கு இந்த எடைக் குறைவின் அருமை மாலை நான்கு மணிக்குத் தெரியும். குறுக்குக் கோடு டூப்ளெக்ஸ் வகை: ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும், லூபோல்ட் 1962-இல் கொண்டுவந்த அதே வடிவம். இருண்ட மரநிழலிலும் ஓரத்துத் தடித்த கோடுகள் கண்ணை நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஓரிகன் மாநிலத்தில் 1907-இல் தொடங்கிய இந்த நிறுவனம் ஸ்கோப் தயாரிப்புக்கு வந்ததற்கே ஒரு மான்தான் காரணம் என்று அவர்களுடைய வரலாறு சொல்கிறது. மார்கஸ் லூபோல்ட் வேட்டைக்குப் போனபோது ஸ்கோப்பின் உள்ளே ஆவி படிந்து மான் தப்பிவிட்டதாம். ஈரக்காற்றை வெளியேற்றி நைட்ரஜனை அடைத்து மூடிய ஸ்கோப்பை அவர்கள் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மைனஸ் பத்து டிகிரிக் குளிரிலிருந்து சூடான வண்டிக்குள் எத்தனையோ முறை துப்பாக்கியை வைத்திருக்கிறேன். வில்லையின் வெளிப்புறம் மங்கும், துடைத்தால் போய்விடும். உள்ளே ஒருமுறைகூட மங்கியதில்லை.

பொருத்தும் வேலையைக் கடைக்காரரிடம் விட்டது என் தவறு. வாங்கிய கடையிலேயே இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன் வளையத்தின் இரண்டு திருகுகள் விரல் பலத்திலேயே சுழன்றன. குறுக்குக் கோடும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றினேன். தோட்டத்துக் கம்பத்தில் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நிமிர்த்தி நிறுத்தி, நிமிர்ந்த கோடு அந்த நூலோடு ஒன்றிப்போகும்வரை ஸ்கோப்பைச் சுழற்றி, பிறகே வளையங்களை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு 15 முதல் 18 அங்குல-பவுண்டுக்குள் மாற்றி மாற்றி இறுக்கினேன். கோடு சாய்ந்திருந்தால் மேலே ஏற்றும் கிளிக் ஒவ்வொன்றும் தோட்டாவைப் பக்கத்துக்கும் கொஞ்சம் தள்ளும். 100 கெஜத்தில் கண்ணில் படாத அந்தப் பிழை 300 கெஜத்தில் வந்து நிற்கும். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே ஏறக்குறைய நான்கு அங்குலம் விட முடிவதால், தடித்த குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு சுட்டாலும் ஸ்கோப் பின்னுக்கு வந்து புருவத்தில் அடித்ததில்லை.

குறி வைக்கும் வேலையை 25 கெஜத்தில் தொடங்கினேன். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, முன்கட்டையும் பின்கட்டையும் மணல் மூட்டையில் அழுந்தும்படி துப்பாக்கியைக் கிடத்தி, குழலின் பின்னால் கண்வைத்து, எதிரே இருக்கும் கறுப்பு வட்டம் குழல் வாயின் நடுவில் வரும்வரை அசைத்து நிறுத்த வேண்டும். பிறகு துப்பாக்கியைத் தொடாமல் ஸ்கோப்பின் திருகுகளை மட்டும் திருப்பிக் குறுக்குக் கோட்டை அதே வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு செய்துவிட்டால் முதல் தோட்டா தாளில் பட்டுவிடும். என் தோட்டா பட்ட இடம் இரண்டு அங்குலம் கீழே, ஒரு அங்குலம் இடப்புறம். இந்த ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான எம்ஓஏ, 100 கெஜத்தில் 1.047 அங்குலமாக விரியும். ஆகவே 100 கெஜத்தில் நான்கு கிளிக் ஒரு அங்குலம், 200 கெஜத்தில் இரண்டே கிளிக் ஒரு அங்குலம். 25 கெஜத்திலோ ஒரு அங்குலம் நகர்த்தப் பதினாறு கிளிக் வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் தோட்டாவை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மேலே 32, வலப்புறம் 16 என்று எண்ணித் திருப்பினேன். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது, கையுறை போட்டிருந்தபோதும். அடுத்த தோட்டா வட்டத்தின் நடுவிலேயே விழுந்தது.

25 கெஜத்தில் சரியாக இருக்கிறது என்று அதோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. குண்டு கீழிருந்து ஏறி, பார்வைக் கோட்டை வெட்டி, மேலே போய், மறுபடியும் விழுகிறது. .308-இல் 25 கெஜத்துக்குச் சரியாக வைத்தால் 100 கெஜத்தில் இரண்டரை முதல் மூன்று அங்குலம் மேலே அடிக்கும். என் துப்பாக்கியும் அப்படியே மூன்று அங்குலம் மேலே அடித்தது. 100 கெஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியை மட்டும் கணக்கில் எடுத்துத் திருப்பினேன். ஒற்றைத் தோட்டாவைப் பார்த்துத் திருகைத் திருப்புகிறவர் தன் கை நடுக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு போல்ட்டைத் திறந்து வைத்துக் குழல் ஆறும்வரை காத்திருந்தேன். காட்டில் நான் சுடப்போகும் முதல் தோட்டா குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும். சூடான குழலில் வைத்த குறி அதற்கு உதவாது.

எந்தத் தூரத்தில் குறி வைப்பது என்பதில் எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்களிடையே ஓயாத வாதம் உண்டு. அடர்ந்த ஓக் காட்டுக்குள் மரத்தில் அமர்ந்து சுடுகிறவர்கள் 100 கெஜம் போதும் என்பார்கள். அது அவர்களுக்குச் சரி, ஏனென்றால் அங்கே அறுபது கெஜத்துக்கு மேல் எதுவும் தெரியாது. நான் உட்காரும் இடமோ மின்கம்பிப் பாதைக்காக மரம் வெட்டிய நீண்ட வெளி. ஒருபுறம் நாற்பது கெஜத்தில் புதர், மறுபுறம் 260 கெஜத்தில் வேலி. 150 கிரெய்ன் எடையுள்ள குண்டோடு 100 கெஜத்துக்குக் குறி வைத்தால் 200 கெஜத்தில் ஏறக்குறைய நான்கு அங்குலம் இறங்கிவிடும். அதே துப்பாக்கியை 200 கெஜத்துக்கு வைத்தால் 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே, 250 கெஜத்தில் ஏறக்குறைய நான்கு அங்குலம் கீழே. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை எட்டு அங்குல வட்டமாகக் கொண்டால், வட்டத்தின் நடுவில் குறிவைத்து அருகிலிருந்து 230 கெஜம் வரை எந்தத் திருத்தமும் இல்லாமல் சுடலாம். 250-இல் வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. அங்கே சற்று மேலே பிடிக்க வேண்டும். அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் தன் .270 ரைஃபிளை 100 கெஜத்தில் மூன்று அங்குலம் மேலே வைக்கச் சொன்னார். மலைச்சரிவில் ஆடு வேட்டையாடியவருக்கு அது பொருந்தும். நாற்பது கெஜத்துப் புதரும் இருக்கிற என் இடத்துக்கு இரண்டு அங்குலமே போதும் என்பது என் முடிவு.

ஆகவே 100 கெஜத்தில் நான்கு கிளிக் இறக்கி இரண்டு அங்குலம் மேலே நிறுத்தினேன். பிறகு 300 கெஜம் வரை இடமுள்ள உறுப்பினர் சங்கச் சுடுதளம் ஒன்றுக்குப் போனேன். இதைப் பலர் செய்வதில்லை. தோட்டாப் பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்ட அட்டவணையை நம்பிவிடுகிறார்கள். அந்த அட்டவணை வேறொரு நீளக் குழலில், வேறொரு நாளில் அளந்தது. 200 கெஜத்தில் எனக்கு அரை அங்குலம் கீழே விழுந்தது; ஒரே ஒரு கிளிக் ஏற்றினேன், சரியாக நடுவுக்கு வந்தது. 300 கெஜத்தில் ஒன்பது அங்குலம் கீழே, லேசான காற்றில் இரண்டு அங்குலம் வலப்புறம். காற்றைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது எந்த அட்டவணையிலும் இல்லை. குறி வைத்த பிறகு தோட்டாவை மாற்றக் கூடாது என்பதால் ஒரே தயாரிப்பு, ஒரே எடை, ஒரே தொகுதி எண்ணில் ஆறு பெட்டி வாங்கி வைத்தேன்.

கிளிக்குகளின் நேர்மையைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. 100 கெஜத்தில் ஒரு தோட்டா. இருபது கிளிக் மேலே, ஒன்று. இருபது வலப்புறம், ஒன்று. இருபது கீழே, ஒன்று. இருபது இடப்புறம், ஒன்று. குறி வைத்த புள்ளி எப்போதும் ஒன்றே. தாளில் ஒரு சதுரம் விழ வேண்டும். ஐந்தாவது தோட்டா முதலாவதன் பக்கத்தில் வந்து சேர வேண்டும். பக்கம் 5.2 அங்குலம் இருக்க வேண்டிய சதுரம் எனக்கு ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில் விழுந்தது. ஐந்தாவது துளை முதல் துளையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு விழுந்ததைப் பார்த்தபோது, பழைய ஸ்கோப்போடு போன நம்பிக்கை திரும்பி வந்தது.

இந்த ஸ்கோப் எதற்கானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டூப்ளெக்ஸ் கோட்டில் தூரத்துக்கான கீறல்கள் கிடையாது. 300 கெஜத்தில் ஒன்பது அங்குலம் மேலே பிடிப்பதைக் கண்மதிப்பில்தான் செய்ய வேண்டும். கண் நகர்ந்தால் குறுக்குக் கோடும் குறியிலிருந்து நகர்வதுபோல் தெரியும் இடமாறு தோற்றப்பிழையைத் தூரத்துக்கேற்பச் சரிசெய்யும் திருகும் இல்லை. ஆலையிலேயே 150 கெஜத்துக்கு அமைத்து அனுப்புகிறார்கள். மான் வேட்டைத் தூரங்களில் கன்னத்தை எப்போதும் ஒரே இடத்தில் வைத்தால் அது ஒரு பொருட்டே இல்லை. 400, 500 கெஜம் சுட விரும்புகிறவர்கள் வேறு பார்க்கட்டும்.

வெளிச்சம் பற்றி ஒரு குறிப்பு. பென்சில்வேனியாவில் மானைச் சுடச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரை அனுமதி. மான் நடமாடுவதும் அந்த இரண்டு அரை மணிகளில்தான். ஒன்பது மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 4.4 மில்லிமீட்டர், ஆறு மடங்குக்கு இறக்கினால் 6.7 மில்லிமீட்டர், இருளில் விரிந்த கண்பாவை வாங்கக்கூடிய அளவு. மங்கலாக இருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் பலர் ஒன்பதிலேயே வைத்துப் பார்க்கிறவர்கள். நான் விடியலில் நான்கில் வைத்திருப்பேன். கிளைகளுக்கு நடுவே கொம்பா குச்சியா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

மூன்று பருவங்களில் ஒவ்வொரு நவம்பரும், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய வாரம், குளிர்ந்த குழலில் 200 கெஜத்தில் ஒரு தோட்டா, மறுநாள் ஒரு தோட்டா என்று சோதிக்கிறேன். உறைபனியில் அக்டோபரைவிட அரை அங்குலம் கீழே விழுகிறது; அது வெடிமருந்தின் குளிர். இரண்டாம் ஆண்டு மரமேடையிலிருந்து கயிறு நழுவித் துப்பாக்கி ஆறடி கீழே விழுந்தது. அன்று சுடாமல் திரும்பிவிட்டேன். மாலையில் சுடுதளத்தில் மூன்று தோட்டா சுட்டேன். மூன்றும் பழைய இடத்திலேயே இருந்தன. இந்த ஸ்கோப்பில் எடுத்த மான்கள் நான்கு: 35, 90, 140, 215 கெஜம். நான்கும் நின்ற இடத்திலோ, நாற்பது அடிக்குள்ளோ விழுந்தன.

கட்டையின் இடப்பக்கம் ஒரு துண்டுத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். 100: இரண்டு மேலே. 200: நேரே. 250: நான்கு கீழே. 300 கெஜத்தின் எண்ணை அளந்திருந்தும் அதில் எழுதவில்லை. என் வெளியில் வேலி 260-இல் இருக்கிறது.