டவுன் ஜாக்கெட் என்று சொல்லி பாலியஸ்டரைத் தலையில் கட்டுகிறார்கள், ஆர்டர் போடும் முன் படியுங்கள்

குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பயணம் போகிறீர்களா? படத்தில் அழகாக இருக்கிறது என்று விளம்பரத்தைத் தட்டி கோட் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கிய கடையின் பெயர் சொல்லிப் பயனில்லை, நாளைக்கே அதே படங்களோடு வேறு பெயரில் வந்து நிற்பார்கள். 'அசல் வாத்து டவுன், ஃபில் பவர் 800, வாட்டர்ப்ரூஃப்' என்று ஒரு நீளக் கோட், கூடவே 'சுத்த மெரினோ' தெர்மல் செட். டவுன் என்றால் வாத்தின் இறகுகளுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற மென்தூவி, மெரினோ என்றால் ஒருவகைச் செம்மறியாட்டின் கம்பளி.

வந்த கோட்டில் நிறம், இடுப்பு பெல்ட் எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன. ஆனால் உள்பக்கத் தையலில் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரித்த துணி முனை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. துணியில் என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் போடுவது பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம், அதை ஏன் வெட்ட வேண்டும்? உள் பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் துழாவினால் வெட்ட மறந்த குட்டிச் சீட்டு ஒன்று: நிரப்பு 100% பாலியஸ்டர்!

ஃபில் பவர் 800 என்றால் ஏறத்தாழ 28 கிராம் டவுன் 800 கன அங்குல இடத்தை நிரப்பும் என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஜாக்கெட்டைச் சுருட்டி அமுக்கினால் சின்னப் பைக்குள் அடங்கும், வெளியே எடுத்தால் மெல்ல உப்பும். இதை முழங்காலால் அமுக்கியும் பெட்டி மூடவில்லை. பாலியஸ்டர் நிரப்பு மட்டம் என்று சொல்ல வரவில்லை, நனைந்தால் டவுனைவிட அதுதான் சூட்டைக் காக்கும், ஆனால் டவுன் விலை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது அநியாயம். சரி, வாட்டர்ப்ரூஃபாவது உண்மையா என்று தோள்பட்டையைக் குழாயடியில் காட்டினேன். துணியின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, அது மேல்பூச்சின் வேலை. தையலின் உள்பக்கம் டேப் ஒட்டாததால் அது வழியாகவே கசிந்துவிட்டது.

தெர்மலில் ஒரு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டி மேல் பிடித்துக் கொளுத்தினேன். கம்பளியாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது, அதாவது செயற்கை இழை.

அப்புறம்தான் பெரிய நாடகம். புகார் செய்தால் '15% திருப்பித் தருகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள், மறுத்ததும் 30% ஆனது, அதற்கும் மறுத்தால் வேறொரு நாட்டுக் கிடங்குக்கு என் செலவில் அனுப்பச் சொன்னார்கள். கார்டு நிறுவனத்திடம் புகார் கொடுக்கும் கெடு முடியும்வரை இப்படியே இழுத்தடிப்பதுதான் திட்டம். பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், நேராகக் கார்டு கொடுத்த வங்கியிடம் போங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அந்தச் சீட்டின் போட்டோவையும் கொடுத்த பிறகுதான் எனக்கு முழுப் பணமும் வந்தது. ஆர்டர் போடும் அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் என் புகாருக்குப் பிறகு அதே கோட்டின் விவரத்தில் 'டவுன் ஸ்டைல்' என்று மாற்றிவிட்டார்கள்.